15 லட்சம், 18 நாள், 22 பேர்: சென்னையின் விசித்திர ஆசாமிகளை வைத்து ஒரு படம் எடுப்பது எப்படி

ஹீரோ கிடையாது. ஏரியாவுக்கு ஒருவராகத் தலைகாட்டிப் போகும் ஆசாமிகள் 22 பேர். இப்படி ஒரு கதையைச் சொன்னதுமே 'அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுத்து மாளுமா?' என்றுதான் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலவரம் தலைகீழ். ஹீரோ படத்தில் 18 நாளும் ஒருவருடைய கால்ஷீட்டில் தொங்கும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் படமும் படுத்துக்கொள்ளும். பல பாத்திரப் படத்தில் ஆளுக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஒருவர் கடைசி நேரத்தில் கைவிட்டாலும் போவது ஆறு நிமிடக் காட்சிதான். வேலைக்குப் போகிறவர், கடை வைத்திருப்பவர், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிற பாட்டி என்று யாரையும் நடிக்கக் கூப்பிடலாம். ஒரு நாள் லீவு போட யாருக்கும் முடியும்.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்து ஆசாமிகளை வைத்து ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 1989இல் 16 எம்எம்மில் படம்பிடித்த 'ஸ்லாக்கர்' ஏறக்குறைய 23,000 டாலரில் முடிந்ததற்கு இந்த வடிவம் ஒரு பெரிய காரணம். ஒருவரைத் தொடரும் கேமரா, வழியில் அவரை விட்டுவிட்டு அடுத்தவர் பின்னால் போய்விடும். விட்டுப்போனவர் திரும்ப வரவே மாட்டார். அவருடைய வேலை அன்றோடு முடிந்தது.

ஆகவே முதல் விதி எழுத்து மேசையிலேயே தொடங்குகிறது: எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டாதீர்கள். முதல் வரைவு எழுதும் யாருக்கும் கடைசிக் காட்சியில் 22 பேரையும் ஒரு டீக்கடையிலோ கல்யாண மண்டபத்திலோ கொண்டுவந்து நிறுத்தத் தோன்றும். அந்த ஒரு காட்சிக்கு 22 பேருடைய தேதியும் ஒத்துவர வேண்டும், 40 பேருக்குச் சாப்பாடு போட வேண்டும், மைக் போதாது, இரண்டு நாள் போய்விடும். மொத்த பட்ஜெட்டில் பெரிய பங்கு அங்கே கரையும்.

கூட்டாமலே சேர்த்துவைக்க மலிவான வழி, கரண்ட் கட். மாலை 4.10க்கு ஊரில் பாதிக்கு மின்சாரம் போகிறது. ஒருவர் வீட்டில் மிக்ஸி நிற்கிறது, ஒருவர் தலைக்கு மேல் ஃபேன் மெதுவாகச் சுற்றி ஓய்கிறது, ஒருவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்கிறார். அவரவர் படப்பிடிப்பு நாளிலேயே இந்த 20 விநாடியையும் எடுத்துவிடலாம். வீட்டு மெயினை அணைத்தால் போதும், செலவு பூஜ்ஜியம். ஃபேன் நின்றால் ஒலிப்பதிவும் சுத்தமாக இருக்கும். அது கூடுதல் லாபம்.

ஆசாமியை எழுதுவது

விசித்திரப் பழக்கம் ஒன்றை ஒட்டவைத்தால் பாத்திரம் ஆகிவிடாது. எப்போதும் குடை பிடித்துத் திரிபவர், பூனையோடு பேசுபவர் எல்லாம் முதல் நிமிடத்தில் சிரிப்பை வரவழைப்பார்கள், மூன்றாவது நிமிடத்தில் சலிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போடுங்கள். அன்றாடம் ஒரே நேரத்தில் என்ன செய்வார், இன்றைக்கு என்ன வேண்டும், யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், எதைச் செய்யவே மாட்டார். பிறகு விசித்திரப் பழக்கத்தை அடித்துவிட்டுக் காட்சியைப் படித்துப் பாருங்கள். காட்சி நின்றால் அவர் பாத்திரம். விழுந்தால் அவர் வேடிக்கைப் பொருள்.

உதாரணத்துக்கு நான்கு பேர். புதுப்பேட்டையில் பழைய வண்டி உதிரிபாகம் விற்பவர். சைலன்சர் சத்தத்தை வைத்தே வண்டி எந்த வருட மாடல் என்று சொல்வார். எட்டு வருடத்துக்கு முன் திருடுபோன தன் ஸ்கூட்டரின் சத்தம் இன்று காலை தெருமுனையில் கேட்டுவிட்டது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை எடுத்து 30 வருடமாகத் தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற குமாஸ்தா. ஒரே ஒரு தெருவிளக்குக்காக மாநகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். மேற்கு மாம்பலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை. அழைப்பில்லாத கல்யாணங்களுக்குப் பட்டுப்புடவையோடு போய்ச் சாப்பிட்டு, ரசத்துக்கு மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதுவார். ராயபுரத்தில் மொட்டை மாடியில் புறா வளர்ப்பவர்; நேற்றுப் போன பறவை இன்னும் வரவில்லை.

இவர்களில் பணத்தைக் குடிக்கும் இருவர் ஆசிரியையும் புறாக்காரரும். கல்யாண மண்டபம் என்றால் கூட்டம், அலங்காரம், பந்தி. ஆனால் ஆசிரியையின் காட்சிக்குப் பந்தி தேவையே இல்லை. கை கழுவும் இடமும் தாம்பூலப் பை கொடுக்கும் வாசலும் போதும். அங்கே வந்துபோக ஏழெட்டுப் பேர், உள்ளே நாதஸ்வரம் கேட்கிறது. 'பொண்ணு வீடா, பிள்ளை வீடா?' என்று ஒரு மாமா கேட்கிறார். ஆசிரியை கையைத் துடைத்துக்கொண்டே 'ரெண்டு வீட்டுக்கும் வேண்டப்பட்டவதான்' என்கிறார். ஆறு நிமிடத்துக்கு இது தாராளம்.

புறா விஷயம் வேறு. படத்தில் விலங்கோ பறவையோ பங்கேற்றால், 2001ஆம் ஆண்டின் காட்சி விலங்குகள் பதிவு விதிகளின்படி இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். தணிக்கையில் அந்தச் சான்றைக் கேட்பார்கள். அது இல்லாமல் மாட்டிக்கொண்ட சின்னப் படங்கள் காட்சியை வெட்டித்தான் வெளியே வர முடியும். எனவே புறாவைக் காட்டாதீர்கள். காலிக் கூண்டு, தானியம், வானத்தைப் பார்க்கும் முகம். முடிவில் அவர் முகம் மாறுகிறது, இறக்கைச் சத்தம் மட்டும் கேட்கிறது. புறா வந்ததை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. தெருநாய் தானாகக் குறுக்கே ஓடினால்கூட விளக்கம் எழுத வேண்டி வரலாம் என்பதால், பிரேமுக்குள் நாய் வந்த டேக்கைக் குறித்துவைத்து, முடிந்தால் இன்னொன்று எடுங்கள்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தெருவில் தன்னிலை மறந்து வாழ்பவர்களை 'நிஜ கேரக்டர்' என்று படம்பிடிக்காதீர்கள். சம்மதம் தரும் நிலையில் இல்லாதவருடைய முகம் உங்கள் படத்தில் இருக்கக் கூடாது.

கைமாற்றம்

ஓர் ஆசாமியிடமிருந்து அடுத்தவருக்குப் படம் தாவும் இடத்தைக் கைமாற்றம் என்று வைத்துக்கொள்வோம். 95 நிமிடப் படத்துக்கு 14 பகுதிகள், பகுதிக்குச் சராசரியாக ஆறே முக்கால் நிமிடம், 13 கைமாற்றங்கள். ஒரு நூறு ரூபாய் நோட்டு கைமாறிக் கைமாறிப் போகும் உத்தி ஓய்ந்துபோனது. சத்தம், கடன், தப்பான விலாசம், வாய்த்தகராறு என்று காரணம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே வகை அடுத்தடுத்து வரக் கூடாது. உதிரிபாகக்காரர் ஸ்கூட்டர் சத்தத்தைத் துரத்துகிறார், ஓட்டி வந்த உணவு டெலிவரிப் பையன் தப்பித்து மேன்ஷனுக்குள் நுழைகிறான், பார்சலை வாங்குபவர் மனு குமாஸ்தா. முதல் கைமாற்றத்துக்குச் சத்தம், இரண்டாவதற்கு விலாசம்.

இந்த வடிவத்தின் பெரிய ஆபத்து எடிட்டிங்கில்தான் தெரியவரும். சங்கிலியில் ஒரு கண்ணி தேறவில்லையென்றால் அதைத் தூக்க முடியாது. தூக்கினால் முன்னதும் பின்னதும் ஒட்டாது. இதற்கு மருந்து படப்பிடிப்பிலேயே இருக்கிறது. ஒவ்வோர் ஆசாமியும் காட்சியைவிட்டு வெளியேறுவதை இரண்டு விதமாக எடுங்கள்: அடுத்தவரைச் சந்தித்துப் போவது, யாரையும் சந்திக்காமல் தெருவில் நடந்து பிரேமைவிட்டுப் போவது. நுழைவதும் அப்படியே இரண்டு விதம். ஒரு பகுதிக்குக் கூடுதலாக 20 நிமிடம் செலவாகும். பிறகு எந்தப் பகுதியையும் கழற்றி எறியலாம், இடம் மாற்றலாம். இதைச் சோம்பல்பட்டு விட்டவர்கள்தான் மோசமான காட்சியோடு படத்தை முடிக்கிறார்கள்.

பணம்

15 லட்சத்தை இப்படிப் பிரிக்கலாம். தொழில்நுட்பக் குழு ஒன்பது பேருக்கு மொத்தம் 2.5 லட்சம். நடிகர்களுக்கு நாளுக்கு 2,000 வீதம் 90,000. கேமரா, லென்ஸ் வாடகை 1.1 லட்சம். ஒலிப்பதிவாளரும் கருவியும் 1.1 லட்சம். சாப்பாடு 90,000, தினம் 16 பேர், தலைக்கு 300 ரூபாய். வண்டி, பெட்ரோல் 70,000. இடம் 60,000, அனுமதிகள் 75,000, ஹார்ட் டிஸ்க் 40,000. எடிட்டிங் ஒரு லட்சம், ஒலி வடிவமைப்பும் மிக்ஸிங்கும் 1.5 லட்சம், டிஐ (நிறச் சீரமைப்பு) 75,000, இசை 75,000, தணிக்கையும் டிசிபியும் (திரையரங்குக்குப் போகும் டிஜிட்டல் பிரதி) 60,000. இதுவரை 13.55 லட்சம். மீதி ஏறக்குறைய ஒன்றரை லட்சம் அவசரத்துக்கு. அதை முதல் வாரத்திலேயே தொட்டால் திட்டம் தப்பு என்று அர்த்தம். வாடகைகள் பேரத்தைப் பொறுத்து ஏறும் இறங்கும், விகிதம் மாறக் கூடாது.

ஒலிக்குப் படப்பிடிப்பிலும் பிறகுமாக 2.6 லட்சம் போகிறது, கேமராவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இதைப் பார்த்து ஒளிப்பதிவாளர் முகம் சுளிப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

யாரையும் ஓசியில் நடிக்கவைக்காதீர்கள். 2,000 ரூபாய் சின்னத் தொகைதான், ஆனால் பேக் அப் சொன்ன கையோடு கையில் வந்தால், விட்டுப்போன ஷாட்டை எடுக்கும் பேட்ச் வொர்க்குக்கு மறுபடி கூப்பிடும்போது வருவார்கள். சாப்பாட்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம்: காலை 6 மணிக்கு டீ, 8.30க்கு டிபன், 1 மணிக்குச் சாப்பாடு, 4 மணிக்கு டீயும் பஜ்ஜியோ சுண்டலோ. சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமானால் அடுத்த இரண்டு மணி நேர வேலை சரியாக வராது.

ஆள் தேர்வு

நாடகக் குழுக்களிலிருந்து ஏழெட்டுப் பேர், மீதி ஏரியாக்காரர்கள். தேர்வின்போது வசனம் கொடுத்து நடிக்கச் சொல்லாதீர்கள். 'பக்கத்து வீட்டுக்காரங்களோட உங்களுக்கு இருக்கிற தகராறைச் சொல்லுங்க' என்று கேட்டு நான்கு நிமிடம் கேமராவை ஓடவிடுங்கள். யார் கோபத்திலேயே சிரிக்க வைக்கிறார், யார் கேமரா இருப்பதை மறந்துபோகிறார் என்பது தெரிந்துவிடும்.

நடித்துப் பழகாதவர்களுக்கு முழு வசனத்தைக் கொடுத்தால் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பார்கள். நிலைமையைச் சொல்லுங்கள், தவறாமல் சொல்ல வேண்டிய மூன்று வரிகளைக் கொடுங்கள், மீதியை அவர்கள் வாயில் வருவதற்கு விடுங்கள். ரிகர்சலையும் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் அதுதான் படத்தில் இருக்கும். நாலு டேக்குக்கு மேல் போனால் நம்பிக்கை குறையும். சரிவரவில்லை என்றால் பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு ஷாட்டின் கோணத்தை மாற்றுங்கள்.

பேச்சு வழக்கு பிசகினால் ஊர்க்காரர் உடனே கண்டுபிடிப்பார். ராயபுரத்தில் 'இன்னா நைனா, சோக்கா கீறியா?' என்று இன்று யாரும் பேசுவதில்லை. அது பழைய சினிமாவின் மெட்ராஸ் பாஷை. வசனம் எழுதியவர் அந்தந்தத் தெருவில் இரண்டு மாலை உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திருத்த வேண்டும்.

ஒப்பந்தப் படிவம் தமிழில் ஒரே பக்கம்: பெயர், நாள், தொகை, எல்லா ஊடகத்திலும் பயன்படுத்த இசைவு, கையெழுத்து. கடை வைத்திருப்பவரிடம் இடத்துக்குத் தனிப்படிவம். 14 வயதுக்குட்பட்ட குழந்தை நடிப்பதாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி, ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் ஒரு பங்கு குழந்தை பெயரில் வைப்புநிதி என்று விதி இருக்கிறது. அதைச் செய்ய ஆளும் நேரமும் இல்லையென்றால் குழந்தைப் பாத்திரத்தைப் பதினெட்டு வயதுக்காரராக மாற்றிவிடுங்கள்.

கதை ஒரே நாளில் நடப்பதால் உடை ஆளுக்கு ஒன்றுதான். ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்குங்கள். மழையும் சாம்பாரும் எப்போது வரும் என்று தெரியாது. இன்னொரு கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுங்கள்: பழனிக்கோ திருப்பதிக்கோ மொட்டை போட வேண்டுதல் இருக்கிறதா? மாலை போடப் போகிறாரா? பேட்ச் வொர்க் முடியும்வரை முடியில் கைவைக்கக் கூடாது என்று படிவத்திலேயே ஒரு வரி சேருங்கள். நடிப்புத் தொழிலில் இல்லாதவருக்கு இது மனதில் தோன்றாது.

எப்போது, எங்கே

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம்வரை எடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் குழுவே சுருண்டுவிடும். பிப்ரவரியில் காலை ஆறரைக்குச் சூரியன் வரும், மாலை ஆறு மணி தாண்டி இறங்கும். 10 மணியிலிருந்து 3 மணிவரை வெயில் உச்சந்தலையில் அடித்துக் கண்ணுக்குக் கீழே குழி விழும். அந்த நேரத்துக்கு உட்புறக் காட்சிகளையும், குறுகலான சந்துகளின் நிழலையும் வைத்துக்கொள்ளுங்கள். நாலுக்கு மூன்றடி தெர்மாகோல் இரண்டு, வெயிலை மென்மையாக்க ஒரு ஸ்கிம்மர் துணி, பாட்டரியில் ஓடும் எல்இடி ஒன்று. இவ்வளவுதான் லைட் யூனிட். மெரினாவும் பெசன்ட் நகரும் கிழக்கு பார்த்த கடற்கரைகள். காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் முகம் இருட்டாகும், மாலையில் அதே கோணத்தில் முகத்தில் வெளிச்சம் விழும். கடல் காட்சியை மாலைக்கு எழுதுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

ரெக்கியை, அதாவது இடம் பார்த்து வருவதை, படப்பிடிப்பு நடக்கப்போகும் அதே கிழமை, அதே மணிக்குச் செய்யுங்கள். செல்போனில் இரண்டு நிமிடம் ஒலியைப் பதிவு செய்து வாருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் வாலாஜா பள்ளிவாசல் அருகே தொழுகைக்கூட்டம், தை வெள்ளியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, பள்ளி விடும் நேரம், குப்பை வண்டிப் பாட்டு எல்லாம் அந்தப் பதிவில்தான் மாட்டும். மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய்க்கு மேலே பறக்கும் ரயில் பாதை ஓடுகிறது. அதன் கீழே காட்சி வைத்தால் ரயில் வரும் இடைவெளியைக் குறித்துக்கொண்டு, வசனத்தை அதற்குள் அடங்கும்படி வெட்டுங்கள்.

அனுமதியில் ஏமாற்று வேலை வேண்டாம். சாலைக்குக் காவல்துறை, பூங்கா, கடற்கரைக்கு மாநகராட்சி, ரயில் நிலையத்துக்குத் தெற்கு ரயில்வே, மெட்ரோவுக்குச் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம். ரயில் நிலையமும் மெட்ரோவும் உங்கள் பட்ஜெட்டுக்கு ஆகாது. அந்தக் காட்சியை நிலையத்துக்கு வெளியே, பெட்டிக்கடையில் வையுங்கள். துறைமுகம், விமான நிலையம் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். அனுமதிக் கடிதத்தின் நகல் மூன்று பேர் பையில் இருக்கட்டும். இயக்குநர் ஷாட்டில் இருக்கும்போது காவலரிடம் பேசுவதற்கென்று ஒருவர், வயதில் மூத்தவராக, நிதானமாகப் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

கூட்டம் சேர்வதுதான் நிரந்தரத் தலைவலி. 'என்னா படம்? ஹீரோ யாரு?' என்று பத்தாவது நிமிடத்தில் கேள்வி வரும். நாற்காலி, குடை, மானிட்டர் ஸ்டாண்டு எதையும் தெருவில் வைக்காதீர்கள். கிளாப்பை ஷாட்டின் முடிவில் தலைகீழாக அடியுங்கள், மெதுவாக. கேமரா கடைக்குள்ளிருந்து தெருவைப் பார்க்கட்டும், அல்லது எதிர்ப்புறத்திலிருந்து 85 எம்எம் லென்ஸில். நடிகர்களுக்குச் சட்டையில் செருகும் லேப்பல் மைக். ஒரே இடத்தில் 25 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். பின்னணியில் கடந்துபோகும் பாசிங்குக்கு உங்கள் ஆட்கள் நால்வர் நடந்துபோனால், பின்னால் வரும் நிஜ ஆட்கள் அவர்களைப் பார்த்து நிற்காமல் போவார்கள்.

ஒன் லைன் ஆர்டர் (எந்த நாளில் எந்தக் காட்சி என்ற பட்டியல்) போடும்போது நாளுக்குத் திரைக்கதையில் ஐந்தே கால் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; 18 நாளில் 95 பக்கம் முடியும். முதல் நாள் கடினமான காட்சியைப் போடாதீர்கள், கடைசி நாளும் வேண்டாம். நான்காவது நாளிலிருந்து பத்தாவது நாளுக்குள் பெரிய காட்சிகள். ஏழு நாளுக்கு ஒரு முழு விடுமுறை.

ஒலி

இந்த வகைப் படத்தை நிறுத்துவதும் கவிழ்ப்பதும் ஒலிதான். காரணம் எளிது. தொழில்முறை நடிகர் டப்பிங்கில் தன் உதட்டுக்கே மறுபடி பேசிவிடுவார். உதிரிபாகக் கடைக்காரரால் முடியாது. அன்றைக்கு அவர் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறார், அதே வேகத்தில் திரும்பச் சொல்லச் சொன்னால் குரல் செத்துப்போகும். வேறொருவர் குரல் கொடுத்தால் ஆசாமியே மாறிவிடுவார். ஆகவே நேரடி ஒலி தவிர வழியில்லை.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி. 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். திடீரென்று கத்தும் ஆசாமிகளுக்கு அது காப்பீடு. கம்பில் பிடிக்கும் பூம் மைக் எப்போதும் ஓடட்டும், லேப்பல் துணைக்கு. கடைத்தெருவில் வயர்லெஸ் மைக் அறுபடுவது சகஜம், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் மலிவு மைக்குகள் அங்கே இருக்கும் அத்தனை வைஃபையோடும் சண்டை போடும். டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாகும் வகையாகப் பாருங்கள். பாலியெஸ்டர் புடவையும் மொடமொடப்பான வேட்டியும் மைக்கில் சரசரக்கும், பருத்திதான் நல்லது. வியர்வையில் டேப் கழன்றுவிடும். ஆஸ்பத்திரியில் பயன்படுத்தும் மைக்ரோபோர் டேப் தாங்கும், மதியத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

டீக்கடையில் எடுத்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள். பர்னரின் உஸ்ஸென்ற ஓசை வசனத்தின் அடியில் படுத்துக்கொண்டு எடிட்டிங்கில் ஒவ்வொரு வெட்டிலும் துள்ளும். மாஸ்டர் ஆறிய டீயை ஆற்றட்டும், யாருக்கும் தெரியாது. வீட்டில் ஃபிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃபிரிட்ஜைப் போட மறக்க மாட்டீர்கள்.

சத்தத்தைச் சேர்க்க முடியும், கழிக்க முடியாது. ஜன நெரிசலான சாலைக் காட்சியை ஞாயிறு காலை ஆறு மணிக்கு அமைதியில் எடுத்துவிட்டு, செவ்வாய் மாலை அதே இடத்தில் ரெக்கார்டரை வைத்துப் பத்து நிமிடம் போக்குவரத்தைப் பதிவு செய்து கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் அசையாமல் ஒரு நிமிட வெற்றொலி, அதாவது அந்த இடத்தின் வெறும் சத்தம். அதோடு, காட்சி முடிந்ததும் நடிகர்களை அங்கேயே நிற்கவைத்து, கேமரா இல்லாமல், மைக்கை வாயருகே பிடித்து எல்லா வரிகளையும் ஒருமுறை பேசச் சொல்லுங்கள். உணர்ச்சி ஆறுவதற்குள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எடிட்டிங்கில் ஹாரன் அடித்த வார்த்தையை மட்டும் இதிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

பின்னணியில் ஓடும் பாட்டு ஒரு பொறி. டீக்கடை ரேடியோவில் கேட்கும் மூன்று விநாடிப் பாட்டுக்கும் உரிமையாளர் இருக்கிறார், அது வசனத்தோடு கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52, பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் ஓவியமும் சிற்பமும் படத்தில் வருவதை அனுமதிக்கிறது. அந்தச் சலுகை பாட்டுக்குக் கிடையாது. ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள். ரேடியோ வேண்டுமென்றால் உங்கள் இசையமைப்பாளர் பழைய பாட்டுப்போல் ஒன்று செய்து தரட்டும்.

கேமரா

வினாடிக்கு 24 பிரேம், ஷட்டர் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 172.8 டிகிரி. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 48இல் ஒன்று என்று வைத்தால் டியூப் லைட்டும் மலிவு எல்இடி போர்டும் துடிக்கும். சில எல்இடி பலகைகள் இதற்கும் அடங்காது. டெஸ்ட் எடுத்துப் பார்த்து, பிரேமிலிருந்து தள்ளிவிடுங்கள். 35, 50, 85 எம்எம் மூன்று லென்ஸ் போதும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 800இல் எஃப் 2.8 வேண்டுமென்றால் ஒன்பது ஸ்டாப் என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர்; ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்) தேவை. மலிவான வேரியபிள் என்டி அவ்வளவு போனால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோலக் கறுப்பு விழும், தோல் நிறமும் மாறும். ஆறு ஸ்டாப் நிலையான ஃபில்டர் ஒன்று போட்டு, மீதியை வேரியபிளில் சரிசெய்யுங்கள்.

விநாடிக்கு 240 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகத்தில் பதிந்தால் மணிக்கு 108 ஜிபி. தினம் இரண்டு மணி நேரம் என்றால் 18 நாளில் ஏறக்குறைய 3.9 டிபி. 5 டிபி டிஸ்க் மூன்று வாங்குங்கள்: இரண்டு படப்பிடிப்பில், ஆனால் வேறு வேறு ஆட்களின் வீட்டில், மூன்றாவது எடிட்டரிடம். கார்டை அழிப்பதற்கு முன் இரண்டு பிரதியையும் திறந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அழிக்கும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான்.

சுவரொட்டி கண்டினியூட்டியை, அதாவது காட்சித் தொடர்ச்சியை, கெடுக்கும். ஒரு வாரத்தில் சுவர் முழுக்க வேறு தலைவர் சிரித்துக்கொண்டிருப்பார். இரண்டு நாள் எடுக்கவேண்டிய இடத்துக்குச் சுவரொட்டி ஒட்டாத சுவரைப் பாருங்கள்.

பிறகு

முதல் கட் இரண்டு மணி பத்து நிமிடம் வரும். எல்லோருக்கும் பிடித்த இரண்டு ஆசாமிகளைத் தவிர மற்றவர்களின் முதல் 40 விநாடியை வெட்டுங்கள். அறிமுகம் பெரும்பாலும் வீண், காட்சியின் நடுவில் நுழைந்தாலே புரியும். அதற்குப் பிறகும் 100 நிமிடத்தைத் தாண்டினால் பகுதியைக் கழற்றுங்கள், அதற்குத்தான் இரண்டுவித வெளியேற்றம் எடுத்துவைத்தீர்கள்.

தணிக்கைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்ப்பதற்கான யுஏ சான்று 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. படத்தில் யாராவது ஒரு பீடி பற்றவைத்தால்கூடத் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் புகையிலை எதிர்ப்புக் குறும்படம் 30 விநாடி, எச்சரிக்கை 20 விநாடி, புகைக்கும் நேரம் முழுக்கக் கீழே வாசகம். பீடிக்குப் பதில் கடலை மிட்டாய் கொடுத்தால் இதெல்லாம் மிச்சம். கெட்ட வார்த்தை வரும் இடங்களில் படப்பிடிப்பிலேயே இன்னொரு டேக் மென்மையான சொல்லில் எடுத்துவையுங்கள், ஊமையாக்கிய ஓட்டையைவிட அது மேல்.

டிசிபி 2கே, பூட்டில்லாமல். நம்மூர்த் திரையரங்குகள் பலவற்றில் ஒலியளவைக் குறைத்தே ஓட்டுவார்கள். மிக்ஸிங் அறையில் தெளிவாகக் கேட்ட முணுமுணுப்பு அங்கே காணாமல் போகும். வெளியிடும் முன் ஒரு காலைக்காட்சி நேரத்தை வாடகைக்கு எடுத்து, அதே அளவில் போட்டுக் கேளுங்கள். ஏசி ஓடும்போதே கேட்க வேண்டும்.

விழாவுக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் கோவாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்எஃப்டிசி) நடத்தும் பிலிம் பஜாரில், முடிக்கப்படாத படங்களுக்கென்று இருக்கும் பட்டறைக்கு ரஃப் கட் (முதற்கட்ட எடிட்) நிலையிலேயே விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆங்கில சப்டைட்டில் தேவை. அதை எடிட்டரின் உதவியாளர் தலையில் கட்டாதீர்கள். மேன்ஷன் குமாஸ்தாவின் மனுத் தமிழும் ராயபுரத்துப் பேச்சும் ஒரே ஆங்கிலத்தில் வந்தால் 22 பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு 20,000 ரூபாய் ஒதுக்கி, மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள். வரிக்கு 40 எழுத்து, இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். இருவர் ஒரே நேரத்தில் கத்தும் இடங்களில் யாருடைய வரியை விடுவது என்பதை இயக்குநர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.